கிளாசிக் ராக்: விளம்பரத்துக்காகப் போட்ட லிஸ்ட், அம்பது வருஷம் தாங்குற பாட்டு

ஸ்பாட்டிஃபைல கிளாசிக் ராக்னு தேடினா லெட் செப்பலின், பிங்க் ஃப்ளாய்ட், குயீன், ஈகிள்ஸ், ஏசி/டிசின்னு ஒரு பெரிய கும்பலே வந்து நிக்கும், ஆனா இவங்கள்ல ஒருத்தர் கூட நாங்க கிளாசிக் ராக் வாசிக்கப் போறோம்னு சொல்லிட்டு பேண்ட் ஆரம்பிக்கல. 1971-ல அப்படி ஒரு வகையே கிடையாது. ப்ளூஸ் ராக் இருந்துச்சு, ஹார்ட் ராக் இருந்துச்சு, 20 நிமிஷத்துக்கு ஒரே பாட்டை இழுக்கிற ப்ராக் கோஷ்டி இருந்துச்சு, கன்ட்ரி பக்கம் சாஞ்சவங்க இருந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் ஆகவே ஆகாது. இவங்க எல்லாரையும் ஒரே டப்பாவுல போட்டு மேல லேபிள் ஒட்டினது ரேடியோக்காரங்க, அதுவும் 80கள்ல, அதுவும் விளம்பரம் விக்கிறதுக்கு. எனக்கு இதுல சுவாரஸ்யமே இந்த முரண்பாடுதான்: லிஸ்ட் போட்டது பக்கா வியாபாரக் கணக்கு, லிஸ்ட்ல இருக்கிற பாட்டுல நிறைய எந்தக் கணக்கும் பாக்காம செஞ்சது.

80கள் ஆரம்பத்துல அமெரிக்க ராக் ரேடியோ திணறிக்கிட்டு இருந்துச்சு. 1981-ல எம்டிவிங்கிற பாட்டு சேனல் வந்தாச்சு, சின்தசைசர் பாட்டெல்லாம் மேல ஏறிடுச்சு, ராக் ஸ்டேஷன்காரங்க புதுசு கொஞ்சம் பழசு கொஞ்சம்னு கலந்து போட்டு ரெண்டு பக்கமும் ஆளை விட்டுக்கிட்டு இருந்தாங்க. 60கள் கடைசில காலேஜ்ல தலைமுடி வளத்துட்டுத் திரிஞ்ச பசங்களுக்கு இப்போ முப்பது தாண்டியாச்சு, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன், கார் எல்லாம் வந்தாச்சு, விளம்பரம் கொடுக்கிறவனுக்கு வேண்டியதும் இவங்கதான், பாக்கெட் மணில ஓடுற 15 வயசுப் பையன் இல்ல. ஃப்ரெட் ஜேக்கப்ஸ்னு ஒரு ரேடியோ கன்சல்டன்ட் இதைக் கப்புன்னு பிடிச்சுக்கிட்டாரு. புதுப் பாட்டே வேணாம், இவங்க வாலிப வயசுல கேட்டதை மட்டும் போடுவோம்னு சொல்லி 1985-ல மிச்சிகன் மாநிலத்துல லான்சிங் ஊர்ப் பக்கம் டபிள்யூஎம்எம்க்யூங்கிற எஃப்எம் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சாரு. கிளாசிக் ராக்ங்கிற பேரை அவருக்கு முன்னாடியே சில ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் இருந்தாங்க, ஆனா அதை ஒரு ஃபார்மட்டா செஞ்சு ஊர் ஊரா வித்தது ஜேக்கப்ஸ்தான். இதுல ஒரு விஷயம், லெட் செப்பலினோட ஸ்டேர்வே டு ஹெவன் பாட்டு 1971-ல வந்தது, அப்போ அதுக்கு வயசு வெறும் 14. இன்னிக்கு 2011 பாட்டை எடுத்து வச்சு கிளாசிக்னு சொன்னா சிரிப்போம் இல்ல?

சரி, ஆனா அந்தப் பாட்டெல்லாம் முதல்ல எப்படி வந்துச்சு? இதுக்கும் ரேடியோதான் காரணம், அதுவும் ஒரு அரசாங்க உத்தரவு. அமெரிக்காவுல 60கள் வரைக்கும் எஃப்எம்னா யாரும் சீந்தாத சமாச்சாரம், ஏஎம் ஸ்டேஷன் வச்சிருந்தவங்க அதே நிகழ்ச்சியை எஃப்எம்லயும் அப்படியே ஓட்டிட்டு லைசென்ஸை மட்டும் வச்சுக்கிட்டு இருந்தாங்க. ரேடியோவைக் கட்டுப்படுத்துற எஃப்சிசிங்கிற அரசு அமைப்பு 1964-ல ஒரு விதி போட்டுச்சு, ஒரு லட்சம் பேருக்கு மேல இருக்கிற ஊர்ல எஃப்எம் நேரத்துல பாதியாவது வேற நிகழ்ச்சி போடணும்னு. ஓனர்கள் முனகி முனகி அது முழுசா அமலுக்கு வர 1967 ஆயிடுச்சு. திடீர்னு நாடு முழுக்க காலி நேரம், கேக்க ஆள் கம்மி, விளம்பரமும் கம்மி, அதனால என்ன வேணும்னாலும் போடலாம்ங்கிற நிலைமை. சான் ஃபிரான்சிஸ்கோவுல டாம் டொனஹ்யூன்னு ஒரு டிஜே, ஏஎம்ல டாப் 40 பாட்டு போட்டு அலுத்துப் போனவரு, ஒரு நாள் ராத்திரி வீட்ல டோர்ஸ் பேண்டோட முதல் ஆல்பத்தைக் கேட்டுட்டு இதை ஏன் எந்த ரேடியோவும் போட மாட்டேங்குதுன்னு யோசிச்சு, எஃப்எம் ஸ்டேஷனா போன் போட்டுப் பாத்தாராம், கேஎம்பிஎக்ஸ்னு ஒரு ஸ்டேஷன் போன் கனெக்ஷனே கட் ஆகிக் கிடந்துச்சாம், சரி இவன்தான் நமக்கு ஆளுன்னு முடிவு பண்ணிட்டாருன்னு சொல்லுவாங்க. 1967 ஏப்ரல்ல அங்க உக்காந்தாரு. ஜிங்கிள் கிடையாது, கத்துற டிஜே கிடையாது, ஆல்பத்துல எந்தப் பாட்டு வேணும்னாலும், எவ்வளவு நீளம்னாலும்.

நீளம்னு சொல்றது சும்மா இல்ல. டோர்ஸோட லைட் மை ஃபயர் ஆல்பத்துல 7 நிமிஷம், ஏஎம் ரேடியோவுக்காக நடுவுல இருந்த ஆர்கன், கிட்டார் சோலோவை எல்லாம் வெட்டி 3 நிமிஷத்துக்குள்ள அடக்கி சிங்கிளா, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டா விட்டாங்க. எஃப்எம் வந்ததுக்கு அப்புறம் வெட்டவே தேவையில்லாம போச்சு. எல்பிங்கிற பெரிய இசைத்தட்டு 1948-லயே வந்துடுச்சு, ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் சொச்சம் பிடிக்கும், ஆனா அந்த 20 நிமிஷத்தையும் ஒரே மூச்சா கேக்க வைக்கலாம்னு ராக் பேண்டுகளுக்கு தைரியம் கொடுத்தது இந்த எஃப்எம்தான். ஸ்டேர்வே டு ஹெவன் 8 நிமிஷம், அமெரிக்காவுல அதை சிங்கிளா விடவே இல்ல, பாட்டு வேணும்னா முழு ஆல்பத்தை வாங்குன்னுட்டாங்க. ஜனங்களும் வாங்கினாங்க, அமெரிக்காவுல மட்டும் 2 கோடிக்கு மேல.

காசு இப்படிக் கொட்டினதால கம்பெனிகளுக்குப் பொறுமையும் இருந்துச்சு, இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. ஃப்ளீட்வுட் மேக் 1967-ல லண்டன்ல பீட்டர் கிரீன் ஆரம்பிச்ச ப்ளூஸ் பேண்ட். அவர் போயிட்டாரு, வேற வேற கிட்டாரிஸ்ட் வந்தாங்க போனாங்க, ஊரே மாறி கலிஃபோர்னியாவுக்குப் போயிட்டாங்க, ரூமர்ஸ்னு அவங்களைத் தூக்கி நிறுத்தின ஆல்பம் 1977-ல வந்துச்சு, அது அவங்களோட 11வது ஸ்டுடியோ ஆல்பம். பதினொண்ணாவது! இன்னிக்கு எந்தக் கம்பெனி ஒரு பேண்டை பத்து ஆல்பம் வரைக்கும் தாங்கும், சொல்லுங்க.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா இதோட வேர் சிகாகோவுலயும் மிசிசிப்பிலயும் இருக்கு, கறுப்பின ப்ளூஸ்காரங்க கிட்ட. 1961 அக்டோபர்ல லண்டன் பக்கம் டார்ட்ஃபோர்டு ரயில்வே ஸ்டேஷன்ல கீத் ரிச்சர்ட்ஸ், தன்னோட பழைய பள்ளிக்கூட சிநேகிதன் மிக் ஜாகரைப் பாக்குறாரு, ஜாகர் கைல சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் ரெக்கார்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டோட ஆரம்பமே அந்த ரெக்கார்டு உறைதான். 1964-ல அவங்க அமெரிக்கா போனதும் ஆசை ஆசையா போய் ரெக்கார்டிங் பண்ணது சிகாகோ செஸ் ரெக்கார்ட்ஸ் ஸ்டுடியோவுலதான், மடி வாட்டர்ஸ் பாடின அதே இடம். இங்கிலாந்துப் பசங்களுக்கு ப்ளூஸ் மேல இருந்தது உண்மையான பக்தி, அதுல சந்தேகமே இல்ல, ஆனா பக்தி இருக்கிறவன் உண்டியல்ல கை வைக்க மாட்டான்னு யார் சொன்னது? லெட் செப்பலினோட ஹோல் லாட்டா லவ் பாட்டுல வரிகள் பலதும் வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-ல பாடினதுல இருந்து வந்தது, டிக்சன் 1985-ல கேஸ் போட்டு, 1987-ல சமரசம் ஆகி, அப்புறம்தான் அவர் பேரு பாட்டுல ஏறுச்சு. பாட்டு வந்து கிட்டத்தட்ட 18 வருஷம் கழிச்சு.

அந்த ப்ளூஸ் இங்கிலாந்துல போய் ஏன் இவ்வளவு சத்தமா மாறுச்சுன்னா அதுக்குக் காரணம் சாமான்தான். லண்டன்ல ஹான்வெல் பக்கம் ஜிம் மார்ஷல் டிரம்ஸ் கடை வச்சிருந்தாரு, கடைக்கு வர்ற பசங்க எல்லாரும் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனி ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்குற பெட்டி) மாதிரி வேணும்னு கேட்டாங்க, இறக்குமதி விலை தாங்காது, 1962-ல அவரே ஃபெண்டர் பாஸ்மேனைப் பாத்து ஒண்ணு செஞ்சாரு. பாகம் எல்லாம் உள்ளூர்ல கிடைச்சது, அதனால சத்தமும் கொஞ்சம் கரகரன்னு வேற மாதிரி வந்துச்சு. அப்புறம் தி ஹூ பேண்டோட பீட் டவுன்ஷெண்ட் வந்து இன்னும் சத்தம் வேணும், இன்னும் வேணும்னு நச்சரிக்க 100 வாட் ஆம்ப் பிறந்துச்சு. அதை முழுசாத் திறந்து விட்டா கிட்டார் நோட்டு நின்னு இழையும், உறுமும், ஒரு தட்டு தட்டினா பத்து செகண்ட் தாங்கும். அதுக்கு ஏத்த மாதிரி வாசிப்பும் மாறிடுச்சு, ரெண்டு மூணு நோட்டை வச்சே மிரட்டலாம்.

பர்மிங்ஹாம்ல பிளாக் சாபத் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி அயோமி கதை இன்னும் விசேஷம். 17 வயசுல தகடு வெட்டுற ஃபேக்டரில வேலை, அன்னிக்குத்தான் கடைசி நாள், மெஷின்ல மாட்டி வலது கைல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. இடது கை வாசிப்புக்காரரு, அதனால கம்பியை அழுத்துற கையே அதுதான். பாத்திரம் கழுவுற ஃபேரி லிக்விட் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டி, மேல தோல் ஒட்டி, வலிக்காம இருக்க மெல்லிசு கம்பி வேணும்னு பாஞ்சோ கம்பியைப் போட்டுப் பாத்து, பின்னாடி கம்பியோட இறுக்கத்தையே தளர்த்தி ஸ்ருதியைக் கீழ இறக்கிட்டாரு. 1971-ல வந்த பிளாக் சாபத்தோட மூணாவது ஆல்பத்துல அந்த இறங்கின ஸ்ருதியைக் கேக்கலாம், ஹெவி மெட்டல்னு இன்னிக்கு சொல்ற எல்லாத்துக்கும் அந்தக் கனம்தான் அஸ்திவாரம்.

இந்தப் பாட்டெல்லாம் ஏன் இன்னும் காதுல பழசா விழலன்னு கேட்டா நான் ஒரே ஒரு உதாரணம் காட்டுவேன், செப்பலினோட நாலாவது ஆல்பத்துல கடைசிப் பாட்டு, வென் தி லெவி பிரேக்ஸ். 1927 மிசிசிப்பி வெள்ளத்தை வச்சு கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-ல ரெக்கார்டு பண்ண ப்ளூஸ். செப்பலின்காரங்க ஹேம்ப்ஷயர்ல ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய கல்லு வீட்டுல தங்கியிருந்தாங்க, ஒரு காலத்துல அது ஏழைகளை அடைச்சு வேலை வாங்கின இடம், வெளியில ரோலிங் ஸ்டோன்ஸோட மொபைல் ஸ்டுடியோ வண்டி நிக்குது. ஜான் பான்ஹமுக்குப் புது டிரம் செட் வந்து இறங்குது, அதை மாடிப்படிக்குக் கீழ ஹால்ல போட்டுட்டாங்க. இஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் வழக்கமா வைக்கிற மாதிரி ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் வைக்கல, ரெண்டே ரெண்டு மைக்கை எடுத்துட்டுப் போய் மாடிப்படி மேல இருந்து தொங்க விட்டாரு, அதை எக்கோ மெஷின் வழியா விட்டு, நல்லா அமுக்கி ரெக்கார்டு பண்ணாங்க. நாம கேக்குறது வெறும் டிரம் இல்ல, அந்த மொத்த வீடும் அதிருது. பாட்டோட வேகத்தையும் மிக்ஸ்ல கொஞ்சம் குறைச்சுட்டாங்க, அதனால எல்லாமே இன்னும் கனமா சேத்துல நடக்கிற மாதிரி வரும். ஹெட்ஃபோன்ல முதல் பத்து செகண்ட் கேளுங்க போதும். 1986-ல பீஸ்டி பாய்ஸ் அந்த டிரம்மை அப்படியே எடுத்து ராப் பண்ணாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ பேர்.

கம்ப்யூட்டர் தாளம் தட்டுற கிளிக்குக்கு வாசிக்காததும் ஒரு காரணம். ஸ்டேர்வே டு ஹெவன் முடியும்போது ஆரம்பிச்சதை விட நல்லாவே வேகமா ஓடிட்டு இருக்கும், செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் அதைத் தெரிஞ்சேதான் செஞ்சாரு. இன்னிக்கு சாஃப்ட்வேர்ல கட்டம் போட்டு அதுக்குள்ள நோட்டை உக்கார வைக்கிற பாட்டோட ஒப்பிட்டா, இது மூச்சு வாங்குற மாதிரி இருக்கும். இன்னொண்ணு, இதுல பாதிப் பாட்டு புதுசா கத்துக்கிறவன் கைக்கு எட்டும். டீப் பர்ப்பிளோட ஸ்மோக் ஆன் தி வாட்டர் ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிட்டார் மெட்டு) கிட்டார் வாங்கின முதல் வாரமே வரும், ஒரே கம்பில கூட வாசிக்கலாம். அந்தப் பாட்டு பிறந்ததும் ஒரு விபத்துலதான், 1971 டிசம்பர் 4 சுவிட்சர்லாந்து மான்ட்ரூல ஃபிராங்க் ஸாப்பா கச்சேரில எவனோ ஒருத்தன் ஃப்ளேர் துப்பாக்கியால சுட்டு கேசினோ முழுசா எரிஞ்சு போச்சு, அங்க ரெக்கார்டிங் பண்ண வந்திருந்த டீப் பர்ப்பிள் ஏரி மேல புகை பரவினதைப் பாத்துட்டு, கடைசில ஒரு காலி ஹோட்டல் காரிடார்ல ஆல்பத்தை முடிச்சாங்க. ஒவ்வொரு தலைமுறைலயும் கிட்டார் கத்துக்கிற பசங்க இந்த ரிஃப்பை வாசிச்சு வாசிச்சே இதை உசுரோட வச்சிருக்காங்க.

இப்போ லிஸ்ட் விஷயத்துக்கு வருவோம், இங்கதான் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. டொனஹ்யூ காலத்துல இருந்த சுதந்திரம் எல்லாம் 70கள்லயே கன்சல்டன்ட் கைக்குப் போயிடுச்சு. அப்புறம் ஹால் டெஸ்டிங்னு ஒண்ணு வந்துச்சு, ஒரு ஹால்ல ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சு நூத்துக்கணக்கான பாட்டுல ஒவ்வொண்ணுலயும் சில செகண்ட் மட்டும் போட்டு மார்க் போடச் சொல்றது. சில செகண்ட்ல அடையாளம் தெரியுற பாட்டு ஜெயிக்கும், மெல்ல மெல்ல விரியுற பாட்டு தோக்கும். இப்படிச் சலிச்சுச் சலிச்சு ஒரு பேண்டுக்கு ரெண்டு மூணு பாட்டுன்னு சுருங்கிடுச்சு. ஜெத்ரோ டல் பேண்ட் எத்தனை ஆல்பம் போட்டாங்க, ரேடியோவுல கேட்டா அக்வாலங் பாட்டை விட்டா வேற வழி இல்லைங்கிற மாதிரி.

யார் வெளிய போனாங்கங்கிறது அதை விட முக்கியம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸைத் தவிர அந்த லிஸ்ட்ல கறுப்பினத்தவர் பேரைத் தேடிப் பிடிக்கணும். ஸ்லை ஸ்டோன், ஃபங்கடெலிக் எல்லாம் அதே காலம், அதே கரகரப்பான ஃபஸ் கிட்டார், ஆனா உள்ள வரல. 1979 ஜூலை 12 சிகாகோ காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்தாலே புரியும். ஸ்டீவ் டால்னு ஒரு டிஜே, அவர் வேலை பாத்த ராக் ஸ்டேஷன் டிஸ்கோவுக்கு மாறினதுல வேலை போன ஆளு, வேற ராக் ஸ்டேஷனுக்குப் போய் டிஸ்கோ ரெக்கார்டு கொண்டு வந்தா 98 சென்ட்ல உள்ள வரலாம்னு அறிவிச்சாரு, சுமார் 50,000 பேர் வந்தாங்க, ரெக்கார்டை எல்லாம் பெட்டில போட்டு மைதான நடுவுல வெடி வச்சாங்க, கூட்டம் உள்ள இறங்கி புல்லையே பிச்சு எடுத்துடுச்சு, அன்னிக்கு நடக்க வேண்டிய ரெண்டு ஆட்டத்துல ரெண்டாவது நடக்கவே இல்ல. அங்க அன்னிக்கு வேலை பாத்த வின்ஸ் லாரன்ஸ்னு ஒரு கறுப்பினப் பையன், பின்னாடி ஹவுஸ்ங்கிற டான்ஸ் மியூசிக்ல பெரிய ஆளு, வந்த ரெக்கார்டுல நிறைய டிஸ்கோவே இல்ல, கறுப்பினத்தவர் பாடின எதுவோ ஒண்ணுன்னு பல தடவை சொல்லியிருக்காரு. ஆறே வருஷத்துல கிளாசிக் ராக் ஃபார்மட் வந்தப்போ, கறுப்பினப் பாட்டை வெளிய தள்ளின அதே கோடுதான் வேலியா நின்னுச்சு.

லிஸ்ட் இவ்வளவு குறுகலா இருந்தும் அழியாம இருந்ததுக்கு நேரமும் ஒத்துழைச்சுச்சு. சிடி 1982-ல வந்துச்சு, எல்பியா வச்சிருந்த அதே ஆல்பத்தை ஜனங்க திரும்பக் காசு கொடுத்து வாங்கினாங்க, கம்பெனிகளுக்குப் புது ரெக்கார்டிங் செலவே இல்லாம லாபம். பிங்க் ஃப்ளாய்டோட தி டார்க் சைட் ஆஃப் தி மூன் 1973-ல இருந்து 1988 வரைக்கும் அமெரிக்க பில்போர்டு பத்திரிகையோட ஆல்பம் சார்ட்ல மொத்தம் 741 வாரம் இருந்துச்சு. அப்புறம் சினிமா. பொஹீமியன் ராப்சடி குயீனோட 1975 பாட்டு, 1992-ல ஒரு காமெடிப் படத்துல நாலஞ்சு பசங்க கார்ல தலையை ஆட்டி ஆட்டிப் பாடினதும் அமெரிக்காவுல ரெண்டாவது இடத்துக்கு ஏறுச்சு, 2018-ல அதே பேர்ல படமே வந்து குயீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி யாருன்னே தெரியாத பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சுச்சு (சான்ஸிபார்ல பிறந்த பார்சிப் பையன், மகாராஷ்டிரா பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூல்ல படிச்சு அங்கயே ஒரு பேண்டும் வச்சிருந்தாருன்னு படத்துக்கு அப்புறம்தான் நம்ம ஊர்ல பல பேருக்குத் தெரியும்). 2020-ல ஒருத்தர் ஸ்கேட்போர்டுல போய்க்கிட்டே ஜூஸ் குடிச்சிட்டு ரூமர்ஸ்ல இருக்கிற ட்ரீம்ஸ் பாட்டுக்கு வாயசைச்ச டிக்டாக் வீடியோ ஓடி, 43 வருஷப் பழைய அந்த ஆல்பம் திரும்ப டாப் 10 வந்துச்சு.

டி-ஷர்ட் தனிக் கதை. ரோலிங் ஸ்டோன்ஸ் நாக்கு லோகோவை 1970-ல ஜான் பாஷ்னு ஒரு ஆர்ட் காலேஜ் மாணவர் 50 பவுண்டுக்கு வரைஞ்சு கொடுத்தாரு, மிக் ஜாகர் அவருக்குக் காட்டின படம் நம்ம காளி. ஒரு பாட்டு கூடக் கேக்காதவன் மார்லயும் இன்னிக்கு அந்த நாக்கு தொங்குது. சிலர் இதைப் பாத்துக் கொதிப்பாங்க, மூணு பாட்டு பேர் சொல்லுன்னு மடக்குவாங்க. விடுங்க, சட்டை நல்லா இருக்கு போட்டுக்கிறான்.

காசு இப்போ எங்க போகுதுன்னு பாத்தா, புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 2021-ல தன்னோட மொத்தப் பாட்டு உரிமையையும் சோனிக்கு சுமார் 50 கோடி டாலருக்கு வித்ததா செய்தி வந்துச்சு, 2024-ல பிங்க் ஃப்ளாய்ட் ரெக்கார்டிங் உரிமையும் அதே சோனிக்கு சுமார் 40 கோடின்னு வந்துச்சு. வாங்குறவன் ரசிகன் இல்ல, இன்னும் முப்பது வருஷத்துக்கு விளம்பரம், சினிமா, ஸ்ட்ரீமிங்ல மாசா மாசம் வாடகை மாதிரி வரும்னு கணக்குப் போட்டவன். அமெரிக்காவுல கேக்குற பாட்டுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல பழசுதான்னு ஒரு புள்ளிவிவரத்தை இதுக்கு ஆதாரமா அடிக்கடி காட்டுவாங்க, அதை அப்படியே நம்பிடாதீங்க, அந்தக் கணக்குல பழசுன்னா வெளிவந்து 18 மாசம் தாண்டினது எல்லாமே, போன வருஷத்துக்கு முந்தின வருஷ டெய்லர் ஸ்விஃப்டும் அதுல சேத்தி.

ரேடியோல லிஸ்ட் நகர்ந்துக்கிட்டே இருக்கு. இப்போ பல கிளாசிக் ராக் ஸ்டேஷன்ல நிர்வாணா, பேர்ல் ஜாம் எல்லாம் சாதாரணமா ஓடுது, 1985 கணக்குப்படி பாத்தா அவங்க எல்லாம் எப்பவோ உள்ள வந்திருக்கணும். விளம்பரம் கொடுக்கிறவனுக்கு வேண்டியது 25ல இருந்து 54 வயசு வரைக்கும்தான், அதனால ஒரு பக்கம் 90கள் உள்ள வர வர இன்னொரு பக்கம் 60கள் கழண்டுக்கிட்டே போகுது. ஜேக்கப்ஸ் எந்தத் தலைமுறைக்காக இதை ஆரம்பிச்சாரோ அவங்களுக்கு இப்போ எழுபது தாண்டியாச்சு, அவங்க பாட்டைப் போட்டா விளம்பரம் வராது. பீட்டில்ஸ் கேக்கணும்னா இனிமே கிளாசிக் ராக் ஸ்டேஷனை நம்பாதீங்க, ஃபோன்லயே தேடிக்கோங்க.